செக் எஞ்சின் விளக்கு எரிந்தால்: குறியீட்டைப் படிப்பதிலிருந்து பழுதைத் தீர்ப்பது வரை

சென்ற ஆண்டு இறுதி மழைக்காலத்தில் ஓர் இரவு, சிங்கப்பூரின் மத்திய விரைவுச்சாலையில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது டேஷ்போர்டில் மஞ்சள் நிற எஞ்சின் படம் எரிந்தது. ஓட்டத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. சிக்னலில் நிற்கும்போது மட்டும் எஞ்சின் லேசாகத் தடுமாறுவதுபோல் இருந்தது. பிரமையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் ஒரு பட்டறையில் ஸ்கேனரைச் செருகிப் பார்த்தார்கள். பி0171 என்று வந்தது. “ஆக்சிஜன் சென்சார் போச்சு,” என்றார்கள். 280 வெள்ளி கொடுத்து மாற்றினேன். விளக்கு அணைந்தது. ஐந்தாம் நாள் அதே விளக்கு, அதே குறியீடு.

பழுது இருந்த இடம் வேறு. காற்று வடிகட்டிப் பெட்டிக்குப் பின்னால் விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய் போகிறது. பதின்மூன்று வருட வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்து அதைப் பிளாஸ்டிக்போல் இறுக்கியிருந்தன. வளைவின் அடிப்பக்கத்தில் ஒரு நகநீளக் கீறல். மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. கைப்பேசியின் முன்பக்கக் கேமராவைத் திருப்பி இடுக்கில் விட்டு, திரையைப் பார்த்தபடி குழாயை விரலால் அழுத்தியபோதுதான் கீறல் வாயைத் திறந்தது. புதுக் குழாய் 18 வெள்ளி. கழற்றி எறிந்த, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் பழைய சென்சார் நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. ‘காற்று அளவுக்கு மேல் வருகிறது’ என்று அது சொன்னது சரியான செய்தி. நாங்கள் செய்தி சொன்னவனைப் பிடித்து மாற்றியிருக்கிறோம்.

குறியீடு என்பது காரின் கணினி எந்த இடத்தில் எதைக் கண்டு முகம் சுளித்தது என்ற குறிப்பு. எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்காது. இடையில் ஒரு சோதனை தேவை. அந்தச் சோதனையை எப்படிச் செய்வது என்பதைத்தான் கீழே வரிசையாக எழுதுகிறேன். நான் மெக்கானிக் அல்ல. சிஓஇ-யை, அதாவது கார் வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழை, புதுப்பித்துப் பழைய காரை ஓட்டுகிறவன். ஜோகூர் பாருவிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் காஸ்வே தாண்டி வேலைக்கு வரும் ஒரு தமிழ் மெக்கானிக் தம்பியிடம் பாதி கற்றேன், சொந்தப் பணத்தை இழந்து மீதி கற்றேன்.

முதல் படி: நிலையாக எரிகிறதா, மின்னுகிறதா?

விளக்கு நிலையாக எரிந்தால் பதற்றம் வேண்டாம். ஓட்டம் இயல்பாக இருந்தால் வீடு வரை ஓட்டலாம், ஒன்றிரண்டு நாளில் குறியீட்டைப் படிக்கலாம்.

மின்னி மின்னி எரிந்தால் கதை வேறு. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் புகைபோக்கிக்குப் போகிறது என்று பொருள். அந்தப் பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். உள்ளே தேன்கூடு மாதிரி இருக்கும் பீங்கான் உருகிவிடும். நூறு இருநூறு வெள்ளியில் முடியும் வேலை ஆயிரக்கணக்கில் போய் நிற்பது இப்படித்தான். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், இடது ஓரம் வாருங்கள், வெளிவழியில் இறங்கி நிறுத்துங்கள். விரைவுச்சாலையிலேயே கார் நின்றுபோனால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி வந்து, அருகில் அதற்கென ஒதுக்கிய கார் நிறுத்துமிடம் வரை இலவசமாக இழுத்துவிடும். அங்கிருந்து பட்டறைக்குப் போகும் செலவு மட்டும் உங்களுடையது.

எஞ்சின் படத்தோடு சிவப்பில் எண்ணெய்க் குவளையோ வெப்பமானியோ எரிந்தால் குறியீடு, ஸ்கேனர் எல்லாம் பிறகு. உடனே எஞ்சினை அணையுங்கள்.

“முதலில் பெட்ரோல் மூடியை இறுக்கிப் பாருங்கள்” என்று இணையக் காணொளிகள் எல்லாம் சொல்கின்றன. தொட்டியிலிருந்து ஆவி கசிகிறதா என்று கார் தானே சோதித்துக்கொள்வது அமெரிக்க விதி கேட்கும் ஏற்பாடு. ஐரோப்பிய விதியில் அது கட்டாயமில்லை. நம் ஊரில் ஓடும் பல கார்களில் அந்தச் சோதனையே கிடையாது. மூடியை இறுக்குவதில் தவறில்லை, நம்பிக்கை வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

இரண்டாம் படி: கருவிகள்

அமெரிக்காவில் 1996 முதல், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதல், ஓபிடி-2 என்ற, பழுதுக் குறியீட்டைப் படிப்பதற்கான பொதுவான முறை கட்டாயமானது. அதனால் இன்று சாலையில் ஓடும் ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம், 16 ஊசிகள் கொண்ட சரிவக வடிவச் செருகுவாய் இருக்கும். சிலவற்றில் ஒரு சின்ன மூடி மறைத்திருக்கும், திறந்து பாருங்கள். ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்டு இங்கே வந்த சில பழைய கார்களில் செருகுவாய் இருந்தும் மலிவு ஸ்கேனருக்குப் பதில் வராது. அவற்றுக்கு அந்தந்த நிறுவன மென்பொருள் உள்ள பட்டறைதான் வழி.

புளூடூத்தில் இயங்கும் இஎல்எம்327 வகைச் செருகி ஒன்றும் கைப்பேசியில் ஒரு செயலியும் போதும். ஆண்ட்ராய்டு என்றால் ‘டார்க்’ அல்லது ‘கார் ஸ்கேனர்’ போட்டுக்கொள்ளலாம். ஐஃபோன் வைத்திருப்பவர்கள் வாங்கும்போதே அது ஐஃபோனோடு வேலை செய்யுமா என்று பார்த்து வாங்குங்கள். பழைய வகை புளூடூத் செருகிகள் அதோடு பேசாது. மிக மலிவான போலிகளும் உண்டு. ஒரு காரில் வேலை செய்யும், அடுத்த காரில் இணைப்பு அறுந்து அறுந்து போகும். என் முதல் செருகி அப்படித்தான் குப்பைக்குப் போனது. இதோடு ஒரு மல்டிமீட்டர், நல்ல டார்ச். இரண்டும் சிம் லிம் டவரில் கிடைக்கும்.

செருகியைக் காரிலேயே விட்டுவைக்காதீர்கள். கார் நிற்கும்போதும் அது பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஓட்டுகிறவர்களுக்கு அது போதும், ஞாயிறு காலை ‘டிக் டிக்’ சத்தம் மட்டும்தான் கேட்கும்.

இன்னொன்று: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில் காரைப் பழுதுபார்க்கக் கூடாது. செருகியைப் போட்டுப் படிப்பதும் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பதும் வேறு, ஸ்பேனரை எடுத்துப் பிரிப்பது வேறு. கழற்றும் வேலை இருந்தால் தெரிந்த பட்டறைக்குப் போய்விடுங்கள்.

மூன்றாம் படி: அழிப்பதற்கு முன் எழுதி வையுங்கள்

செயலியில் ‘அழி’ என்ற பொத்தான் கண்ணில் படும் இடத்திலேயே இருக்கும். அதைத் தொடாதீர்கள். நான் பார்த்தவரை ஆளுக்கு ஆள் செய்யும் தவறு இதுதான். குறியீட்டை அழித்தால் அதோடு சேர்ந்து, பழுது ஏற்பட்ட நொடியின் பதிவும் அழிந்துபோகும். ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்பார்கள். அந்த நொடியில் வேகம் எத்தனை, எஞ்சின் சுற்று எத்தனை, வெப்பம் எவ்வளவு, பாரம் எவ்வளவு என்று கணினி எடுத்து வைத்த புகைப்படம் மாதிரி. போலிஸ்காரர் வருவதற்கு முன்பே சம்பவ இடத்தைக் கழுவிவிட்டால் என்ன ஆகும்? பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலும் பல கார்களில் இதே கதிதான், கூடவே ரேடியோவும், கார் நிற்கும்போது எஞ்சின் மெதுவாக ஓடும் ஐடிலிங் அமைப்பும் மறந்துபோகும்.

என் காரின் ஃப்ரீஸ் ஃப்ரேமில் வேகம் 0, சுற்று 690, எஞ்சின் வெப்பம் 91 பாகை. அதாவது சூடான எஞ்சின், நின்ற கார். பழுது ஐடிலிங்கில்தான் இருக்கிறது என்று அதிலேயே எழுதியிருந்தது. சென்சாரை மாற்றிய பட்டறையில் யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கும் அன்று அப்படி ஒன்று இருப்பது தெரியாது.

குறியீடுகள் மூன்று நிலைகளில் வரும். ஒருமுறை சந்தேகப்பட்டு, இன்னும் விளக்கை ஏற்றாமல் வைத்திருப்பது ‘பெண்டிங்’. பெரும்பாலான பழுதுகளுக்கு அடுத்தடுத்த இரண்டு பயணங்களில் தெரிந்தால்தான் விளக்கு எரியும், அப்போது அது ‘கன்ஃபர்ம்ட்’. மூன்றாவது ‘பெர்மனென்ட்’. சில கார்களில் இருக்கும் இதை ஸ்கேனரால் அழிக்க முடியாது, பழுது தீர்ந்ததைக் கார் தானே சோதித்து உறுதிசெய்த பிறகுதான் போகும். மூன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: குறியீட்டைப் பிரித்துப் படிப்பது

பி0302 என்று வைத்துக்கொள்வோம். முதல் எழுத்து ‘பி’ என்றால் எஞ்சினும் கியரும். ‘சி’ பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பக்கம். ‘யு’ கணினிகள் ஒன்றோடொன்று பேசும் வலைப்பின்னல். ஆங்கில வரிசையில் இரண்டாவது எழுத்தான ‘பி’-யில் தொடங்குபவையும் உண்டு, அவை ஏர்பேக், கதவு, ஏசி போன்ற உடற்பகுதிக்கு உரியவை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். இக்கட்டுரையில் வரும் ‘பி’ எல்லாம் எஞ்சின் ‘பி’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த இலக்கம் 0 என்றால் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான பொருள். 1 என்றால் அந்த நிறுவனம் தனக்கென வைத்துக்கொண்டது, இணையத்தில் வேறொரு பிராண்டின் விளக்கத்தைப் படித்து ஏமாறாதீர்கள். மூன்றாவது இடத்தில் வருவது எந்தப் பகுதி என்று காட்டும். 1, 2 எரிபொருளும் காற்றும், 3 தீப்பொறி, 4 புகைக் கட்டுப்பாடு, 5 வேகமும் ஐடிலிங்கும், 6 கணினி, 7, 8 கியர்பாக்ஸ். கடைசி இரண்டு இலக்கம் குறிப்பிட்ட பழுது. ஆக பி0302 என்றால் எஞ்சின், பொதுவான குறியீடு, தீப்பொறிப் பகுதி, இரண்டாம் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது.

இரண்டாம் சிலிண்டர் தவறுகிறது என்பதோடு கணினிக்குத் தெரிந்தது முடிந்தது. தீப்பொறி தரும் பிளக்கா, அதற்கு மின்சாரம் தரும் காயிலா, பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டரா, வால்வா என்று அதற்குத் தெரியாது.

ஐந்தாம் படி: பேட்டரியும் கண்ணும்

குறியீடு எதுவாக இருந்தாலும் முதலில் பேட்டரியை அளக்கிறேன். நம் ஊர்ச் சூட்டில் பேட்டரி இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓய்ந்துவிடுகிறது. வோல்ட் குறைந்தால் கணினிகள் உளற ஆரம்பிக்கும். சம்பந்தமே இல்லாத ஏழெட்டுக் குறியீடுகள் ஒரே நேரத்தில் வந்தால், அதிலும் ‘யு’-வில் தொடங்குபவை கூட்டமாக வந்தால், ஏழு பழுதுகளைத் தேடாதீர்கள். ஒரு பேட்டரி, ஓர் எர்த் வயர், ஒரு ஃபியூஸ், இவற்றில் ஒன்றாக இருக்கும். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் நல்ல கணக்கு, 12.2 என்றால் பாதி காலி. எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.5-லிருந்து 14.7 வரை இருக்க வேண்டும்.

பிறகு பானெட்டைத் திறந்து பத்து நிமிடம் சும்மா பாருங்கள். கையை மடித்துக்கொண்டு பார்த்தாலே பாதிப் பழுது தெரிந்துவிடும் என்பான் தம்பி. சரியாக மூடாத காற்று வடிகட்டிப் பெட்டி, கழன்ற குழாய், பச்சை பூத்த கனெக்டர் ஊசி. உணவங்காடி நிலையத்துக்குப் பக்கத்தில், திறந்தவெளியில் காரை நிறுத்துகிறவர்கள் எலியையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். என் அண்டை வீட்டுக்காரரின் காரில் எஞ்சின் மூடியைத் தூக்கியபோது கோழி எலும்பு இரண்டும் கடித்த சென்சார் வயரும் சேர்ந்தே கிடந்தன. அவர் அதற்கு முன் அந்தச் சென்சாரை ஒருமுறை மாற்றியிருந்தார்.

ஆறாம் படி: சோதனை

இங்கேதான் நேரம் போகும், பணம் மிஞ்சும். அடிக்கடி வரும் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பி0171: கலவையில் காற்று அதிகம். செயலியில் நேரடி அளவுகளுக்குப் போய் ‘ஃப்யூயல் ட்ரிம்’ என்ற இரண்டு எண்களைத் திறந்து வையுங்கள், ஒன்று குறுகியகாலம், மற்றது நீண்டகாலம். சரியான கலவைக்காகக் கணினி எவ்வளவு பெட்ரோலைக் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை விழுக்காட்டில் காட்டும் கணக்கு அது. இரண்டையும் கூட்டி, மேலே கீழே 10-க்குள் இருந்தால் கவலையில்லை. கூட்டி 20, 25 என்று போனால் கணினி கைவிரித்து விளக்கை ஏற்றும்.

இப்போது எஞ்சின் சூடாகி ஐடிலிங்கில் நிற்கும்போது எண்ணைக் குறியுங்கள். பிறகு ஆக்சிலரேட்டரை மிதித்து 2,500 சுற்றில் அரை நிமிடம் பிடித்துத் திரும்பக் குறியுங்கள். என் காரில் ஐடிலிங்கில் +23, 2,500-இல் +5. இப்படி விழுந்தால் எங்கோ கீறல் வழியாகத் திருட்டுக் காற்று நுழைகிறது. ஐடிலிங்கில் எஞ்சின் இழுப்பதே கொஞ்சக் காற்று, அதில் கீறல் காற்றுக்குப் பங்கு பெரிது. சுற்று கூடும்போது மொத்தக் காற்று பெருகிவிடும், கீறல் அதே அளவுதான், அதனால் விழுக்காடு கரைகிறது. நேர்மாறாக, ஐடிலிங்கில் சரியாக இருந்து வேகத்திலும் மேட்டிலும் எண் ஏறினால் பெட்ரோல் பம்ப் தளர்ந்திருக்கலாம், அல்லது காற்றை அளக்கும் மேஃப் சென்சாரில் அழுக்கு. மேஃப் சென்சாருக்கென்றே ஸ்ப்ரே விற்கிறது. தூரத்திலிருந்து அடித்துக் காயவிடுங்கள், அந்த முடி மெல்லிய கம்பியைத் துணியால் துடைத்தால் முடிந்தது கதை.

கீறலைக் கண்டுபிடிக்க, ஓடும் எஞ்சின்மேல் கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்க்கும் பழைய வித்தை ஒன்று உண்டு. சூடான எக்ஸாஸ்ட்மேல் பட்டால் தீப்பிடிக்கும். எனக்கு அதில் உடன்பாடில்லை. பட்டறையில் குழாய்களுக்குள் புகை விட்டு, எங்கே வெளியே வருகிறது என்று பார்க்கும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். “பார்ட்ஸ் மாத்த வேணாம், ஸ்மோக் டெஸ்ட் மட்டும் போடுங்க” என்று கேட்கத் தெரிந்தாலே உங்களை வேறு மாதிரி நடத்துவார்கள்.

பி0301 முதல் பி0304: ஒரு சிலிண்டர் தவறுகிறது. இதற்குச் செலவே இல்லாத சோதனை இருக்கிறது. இரண்டாம் சிலிண்டர் தவறினால் அதன் இக்னிஷன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டுங்கள், மூன்றாவதை இரண்டாவதில். குறியீட்டை எழுதி வைத்துக்கொண்டு இப்போது அழிக்கலாம். ஓட்டிப் பாருங்கள். அடுத்து பி0303 வந்தால் பழுது காயிலோடு நகர்ந்திருக்கிறது, காயில்தான் குற்றவாளி. திரும்பவும் பி0302 என்றால் காயில் நிரபராதி. அதேபோல் பிளக்கை இடம் மாற்றுங்கள். அதிலும் நகரவில்லை என்றால் இன்ஜெக்டர், அதன் பிறகு கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம்.

எஞ்சின் ஆறிய பிறகுதான் கை வைக்க வேண்டும், ஓடும்போது காயிலைப் பிடுங்கவே கூடாது. காயிலின் கனெக்டரைக் கழற்றுவதில் ஒரு நுணுக்கம். பத்து வருடச் சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் நாக்கு அப்பளம்போல் ஆகியிருக்கும். நாக்கை அழுத்தி இழுத்தால் உடையும். முதலில் கனெக்டரை உள்பக்கமாக ஒரு தள்ளுத் தள்ளுங்கள், பிடிப்பு தளரும், அப்போது நாக்கை மெதுவாக அழுத்தி வெளியே இழுங்கள். தம்பி இதை எனக்குக் காட்டியபோது நான் ஏற்கெனவே ஒன்றை உடைத்திருந்தேன். “பரவால்ல அண்ணே, எல்லாருக்கும் மொத ஒண்ணு ஒடையும்,” என்று சொல்லிக் கேபிள் டையை எடுத்தான்.

காயிலைத் தூக்கும்போது அதன் நுனி எண்ணெயில் நனைந்து வந்தால் காயிலைக் குறை சொல்லிப் பயனில்லை. மேலே உள்ள வால்வு கவர் கேஸ்கெட் கசிகிறது. அதை மாற்றாமல் புதுக் காயில் போட்டால் அதுவும் ஊறும். அடைமழைக்குப் பிறகு மட்டும் தவறுகிறது என்றால் பிளக் இருக்கும் குழிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறதா, காயிலின் ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

பி0420: கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைவு. பட்டறைகளில் இந்தக் குறியீட்டைக் கண்டால் ஒரே வரியில் ‘கேட் மாத்தணும்’ என்று வந்துவிடும், தொகையும் பெரியது. கேட் தேய்வது உண்மைதான். ஆனால் அதைக் கடைசியில் நிறுத்துங்கள். முன்னால் உள்ள எக்ஸாஸ்ட் இணைப்பில் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே போய்ச் சென்சாரைக் குழப்பும். காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது ‘டிக் டிக்’ என்று கேட்டு, சூடானதும் மறைந்தால் அதைச் சந்தேகிக்கலாம். பி0300 வரிசையோ பி0171-ஓ கூடவே இருந்தால் அதை முதலில் தீருங்கள்.

பிறகு செயலியில் கேட்டுக்குப் பின்னால் இருக்கும் சென்சாரின் வோல்ட்டை வரைபடமாகப் போடுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடாகி, 2,500 சுற்றில் நிலையாக நிற்கும்போது கோடு 0.6, 0.7-ஐ ஒட்டி அலையில்லாமல் போனால் கேட் வேலை செய்கிறது. 0.1-க்கும் 0.9-க்கும் இடையே ஊஞ்சல் ஆடினால் கேட் கையை விரித்துவிட்டது. முன்னால் உள்ள சென்சாரையும் இதே கண்ணோடு பார்க்காதீர்கள். பல புதிய கார்களில் அது வேறு வகை, இப்படி ஆடாது.

கேட் செத்திருந்தால் எதனால் செத்தது என்று கேட்காமல் புதிதைப் போடாதீர்கள். எண்ணெய் குடிக்கும் எஞ்சின் புதியதையும் ஓரிரு ஆண்டில் முடித்துவிடும். கேட்டையே கழற்றிவிடலாம், சென்சாருக்கு இடைத்துண்டு போட்டு ஏமாற்றலாம் என்று ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். பத்து வயதைத் தாண்டிய காருக்கு ஆண்டுதோறும் வாகனப் பரிசோதனை உண்டு, அங்கே புகைபோக்கியில் குழாயை விட்டு அளக்கிறார்கள். சட்டத்துக்கும் புறம்பு.

பி0128: எஞ்சின் போதிய சூட்டுக்கு வரவில்லை. நம் ஊரில் இது எப்படி என்று தோன்றும். எஞ்சின் சூடாகும் வரை கூலண்ட் ஓட்டத்தை மூடிவைப்பது தெர்மோஸ்டாட். ‘இந்த வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு’ என்று கழற்றிவிடும் பழக்கம் முன்பு இருந்தது, வாங்கிய காரில் அது இல்லாமலே இருக்கலாம். இருந்தும் திறந்தபடி சிக்கியிருக்கலாம். கூலண்ட் அளவைப் பாருங்கள், ஓட்டும்போது வெப்பம் 80-ஐத் தாண்டி நிற்கிறதா என்று பாருங்கள். நிற்கவில்லை என்றால் தெர்மோஸ்டாட்.

பி0ஏ80: ஹைபிரிட் பேட்டரி. தனியார் வாடகைக் கார் ஓட்டும் நண்பர்களுக்கு இந்த எண் தூக்கத்திலும் வரும். பேட்டரியே போயிருக்க வாய்ப்பு அதிகம்தான், ஆனாலும் பின் இருக்கைப் பக்கத்தில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று போகும் சல்லடையை முதலில் பாருங்கள். நாள் முழுக்கப் பயணிகள் ஏறி இறங்கும் காரில் துணி நூலும் தூசியும் அதில் கம்பளிபோல் படிந்திருக்கும். அடைத்துக்கொண்டால் பேட்டரி வெந்து சீக்கிரம் சாகும். விளக்கு வருவதற்கு முன்பே அதைச் சுத்தம் செய்துவருவது நல்லது. ஆரஞ்சு நிற வயர்களை மட்டும் தொடாதீர்கள். உயிர் போகும் மின்சாரம் அது, பயிற்சி பெற்றவர்களின் வேலை.

ஏழாம் படி: தீர்ந்ததா என்று பார்ப்பது

பாகத்தை மாற்றி, குறியீட்டை அழித்து, விளக்கு அணைந்ததும் ‘முடிந்தது’ என்று பணத்தைக் கொடுத்துவிடுகிறோம். விளக்கு அணைந்தது அழித்ததால். பழுது தீர்ந்ததா என்பது இன்னும் தெரியாது. என் ஐந்து நாள் நிம்மதி அப்படி வந்ததுதான்.

அழித்தவுடன் கார் தன் சுயசோதனைகளை எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். செயலியில் ‘ரெடினெஸ்’ என்ற பக்கத்தில் கேட், ஆக்சிஜன் சென்சார் என்று ஒவ்வொன்றும் முடிந்ததா இல்லையா என்று காட்டும். அவை முடிய, இரவு முழுக்க ஆறிய எஞ்சினில் தொடங்கி, கொஞ்சம் ஐடிலிங், கொஞ்சம் நகர ஓட்டம், பிறகு பதினைந்து இருபது நிமிடம் ஒரே வேகத்தில் நெடுக்கு ஓட்டம் தேவை. பள்ளிக்கும் தேக்கா சந்தைக்கும் மட்டும் போய்வரும் காரில் வாரக்கணக்கில் முடியாது. ஞாயிறு விடியற்காலையில், நெரிசல் தொடங்கும் முன், தீவு விரைவுச்சாலையில் சாங்கியிலிருந்து துவாஸ் பக்கம் ஒருமுறை போய்வாருங்கள், போதும். அதன் பின் திரும்ப ஸ்கேன் செய்து, பெண்டிங்கில் எதுவும் இல்லை, ஃப்யூயல் ட்ரிம் 10-க்குள் வந்துவிட்டது என்று கண்ணால் பார்த்தால்தான் பழுது தீர்ந்தது. என் காரில் குழாயை மாற்றிய மறுநாள் +23 இருந்த இடத்தில் +3.

அழிக்காமலே பழுதைத் தீர்த்தாலும் விளக்கு தானாக அணையும். பெரும்பாலும் மூன்று பயணங்கள் பழுதின்றிப் போனால் போதும். குறியீடு மட்டும் நினைவகத்தில் கொஞ்ச காலம் கிடந்து, ஏறத்தாழ நாற்பது முறை எஞ்சின் சூடாகி ஆறிய பின் மறையும்.

பட்டறையில் கொடுக்கும்போது

ஏர்பேக், ஏபிஎஸ், கியர்பாக்ஸ், ஹைபிரிட் மின்சாரம் இவற்றில் நான் கை வைப்பதில்லை. மலிவுச் செருகி அவற்றின் குறியீடுகளைப் பல நேரம் படிக்கவும் செய்யாது. பட்டறைக்குப் போகும்போது ‘விளக்கு எரியுது, பாருங்க’ என்று சாவியைக் கொடுக்காமல், ஸ்கிரீன்ஷாட்டையும் எப்போது எரிந்தது, மழையா வெயிலா, எஞ்சின் ஆறியிருந்ததா என்ற விவரத்தையும் கொடுங்கள். விலை சொன்னால், “எந்த டெஸ்ட்ல இது தெரிஞ்சுச்சு?” என்று கேளுங்கள். ‘குறியீட்டிலேயே வந்தது’ என்பது பதிலாகாது. மாற்றிய பழைய பாகத்தைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய கார் வாங்கப் போகும்போதும் செருகியை எடுத்துப் போங்கள். குறியீடு எதுவும் இல்லை என்று காட்டினால் அங்கே நிறுத்தாமல் ரெடினெஸ் பக்கத்தைத் திறங்கள். சென்ற மாதம் மச்சானோடு ஊபி பக்கம் ஒரு கார் பார்க்கப் போயிருந்தேன். பளபளவென்று கழுவி நிறுத்தியிருந்தார்கள், விளக்கு எதுவும் எரியவில்லை, குறியீடும் பூஜ்யம். ரெடினெஸ்ஸில் ஒன்றுகூட முடியவில்லை. பேட்டரி புதிதாக மாற்றினால்கூட அப்படிக் காட்டும் என்பதால் பானெட்டைத் திறந்து பார்த்தேன். பேட்டரியில் ஒட்டியிருந்த தேதி ஒன்றரை வருடம் முந்தையது, முனைகளில் வெள்ளை பூத்திருந்தது, யாரும் கழற்றிய தடயமில்லை. “ஒரு வாரம் ஓட்டிட்டுச் சொல்லுங்க, திரும்ப வந்து ஸ்கேன் பண்றோம்,” என்று மச்சான் விற்பவரிடம் சொன்னான். அதற்குள் வேறு யாராவது வாங்கிவிடுவார்கள் என்றார் அவர். வாங்கட்டும் என்று செருகியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.